காவலரும் காக்கப்பட்டோரும்: ஓருடலிற் பலர் வாழும் மூன்று நூல்கள்

1. தோற்றுவாய்

ஓருடலில் ஒன்றுக்கு மேற்பட்ட தன்னிலைகள் குடியிருத்தலைப் பொருளாகக் கொண்ட நூல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி இனமாக வளர்ந்துள்ளன. அவ்வினத்தின் முன்னோடியாக யாவரும் எடுத்துக்காட்டுவது இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ஜெக்கில், ஹைடு கதையாகும். சில ஆண்டுகட்கு முன் முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியப் பாடம் நடத்துங்கால், யாமும் அக்கதையையே அளவுகோலாகக் கொண்டோம். கரும்பலகையை இரண்டாகப் பகுத்து, ஒருபுறம் நல்லோர் என்றும் மறுபுறம் தீயோர் என்றும் எழுதி, பிற்கால நூல்களில் வரும் தன்னிலைகளையெல்லாம் அவ்விரு கூற்றுள் அடக்கிக் காட்டினோம். வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருவர் அணுகி, “ஐயா, தீயோர் பக்கத்தில் எழுதியவர்களை அழித்துவிட்டால் மற்றவர்களை யார் காப்பார்?” என்று வினவினார். அன்று எம்மிடம் விடையில்லை. அவ்வினாவை உளங்கொண்டு நூல்களை மீண்டும் பயின்றபோது, யாம் கரும்பலகையில் வரைந்த கோடே பிழையென்பது தெளிவாயிற்று. அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

இளமையிற் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் மீண்டெழும் ஒருவருள், காவற்றொழில் பூண்ட தன்னிலைகளை இலக்கியம் எங்ஙனம் படைத்துக் காட்டுகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். ஓருடலில் வாழும் பலரையும் சேர்த்து ‘அகக்குழு’ என்றும், அவருட் காக்கும் தொழிலுடையாரை ‘அகக்காவலர்’ என்றும் வழங்குவாம்.

2. பொருள் வரையறை

உளமருத்துவ நூலார் இந்நிலையை நெடுங்காலமாக அறிவர். பிரெஞ்சு நாட்டறிஞர் பியேர் ழானே 1889இலேயே உள்ளம் பிளவுபடுதலை அதிர்ச்சியோடு இயைத்து ஆராய்ந்தார். அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய்வகைநூல் 1980இல் இதனைப் ‘பல்லாளுமைக் கோளாறு’ எனத் தனி வகையாக ஏற்றது. 1994இற் ‘பிரிநிலை அடையாளக் கோளாறு’ எனப் பெயர் மாற்றியது. இப்பெயர்மாற்றம் பொருளுடையது. ஓருடலிற் பல முழுமனிதர் உளர் என்பதினும், ஒன்றாய்த் திரளவேண்டிய தன்னுணர்வு திரளவிடாமல் தடுக்கப்பட்டது என்பதே மருத்துவர் கருத்தாக வலுப்பெற்றது.

திரளவிடாமற் றடுப்பது யாது? தப்பவும் எதிர்க்கவும் இயலாத குழவிக்கு அண்மையிலுள்ளோராலேயே இழைக்கப்படும் கொடுமை என்பது பெரும்பாலான மருத்துவர் கூறும் விடை. இரவிலே துன்புறுத்திய கையே பகலிலே சோறூட்டுமாயின், அக்குழவி இரண்டையும் ஒருங்கே நினைந்து வாழ்தல் அரிது. ஆகவே நினைவு பங்கிடப்படுகின்றது. ஒருவர் நோவை ஏற்க, மற்றொருவர் பள்ளிக்குச் செல்கின்றார். நோவை ஏற்றவர் வாய் திறவாமற் பார்த்துக்கொள்ள மூன்றாமவர் ஒருவர் தோன்றுகின்றார். இம்மூன்றாமவரே அகக்காவலர்.

இக்காவற்றொழிலை நுண்மையாகக் கண்டவருள் ஹங்கேரி நாட்டு உளப்பகுப்பாய்வாளர் சாந்தோர் ஃபெரென்சி முதன்மையானவர். 1932இல் அவர் எழுதிய மருத்துவ நாட்குறிப்பு, இளமையிற் பெருங்கொடுமைக்கு ஆளான ஒருவருள் ‘ஓர்ஃபா’ என்னும் பெயருடைய ஆற்றல் நின்று உயிரைப் பிடித்துவைத்ததைப் பேசுகின்றது. எவ்விலை கொடுத்தேனும் உயிர் தரிக்கச் செய்வதே அதன் தொழில். அவ்வாண்டிலேயே ஃபெரென்சி பிறிதோர் உண்மையையும் வெளியிட்டார். கொடுமைக்குள்ளான குழவி, கொடியோனின் மனநிலையைத் தன்னுள் ஏற்று அவனாகவே ஆகிவிடுதலும் உண்டு என்பது அது. இவ்விரண்டையும் இணைத்துக் காண்போர்க்கு ஒரு கடினமான முடிவு புலப்படும். அகத்திருந்து அதட்டுபவரும், வைபவரும், உடலை வருத்துபவரும் காவலராகவே தோன்றியிருத்தல் கூடும். புறத்தே அடி விழுமுன் அகத்தே அதட்டிக் குழவியை அடக்கிவிட்டால், அடி குறையும் என்பது அவர் கணக்கு.

இந்நிலை மருத்துவர்தம் தூண்டுதலால் விளைவது என மறுப்போரும் உளர். அம்மறுப்பை முற்றத் தள்ளுதல் நேர்மையன்று. எனினும் இலக்கியத் திறனாய்வுக்கு உரிய வினா வேறு. நூலுள் எத்தனை பேர் உளர் என்று எண்ணுவதை விடுத்து, அவர் ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்கின்றனர் என்று கேட்பதே அவ்வினா.

3. பழைய நெறி

ஹைடு அழிக்கப்பட வேண்டியவன். அவன் யாரையும் காக்கவில்லை. ஜெக்கிலின் இன்பவேட்கைக்கு மறைவிடம் தருவதே அவன் பயன். இவ்வச்சிற் பிற்காலத்து மெய்வரலாறுகளையும் வார்த்தமையே பழைய நெறியின் குறை.

1957இல் தித்பென், கிளெக்லி என்னும் மருத்துவர் இருவர் வெளியிட்ட ‘ஈவின் மூன்று முகங்கள்’ இதற்குச் சான்று. அடக்கமுடைய வெள்ளை ஈவ், ஆரவாரமுடைய கறுப்பு ஈவ், இருவர்க்கும் இடைநின்று நிறைவு தரும் ஜேன் என மூவர் அந்நூலில் உளர். பெயர்களின் நிறமே தீர்ப்பை முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றது. ஜேன் வந்தாள், நோய் தீர்ந்தது என்னும் போக்கில் நூல் முடிகின்றது. ஆனால் அவ்வரலாற்றுக்கு உரியவரான கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர் 1977இல் தம் பெயரோடு தம் நூலை வெளியிட்டபோது, தன்னிலைகள் இருபதுக்கு மேற்பட்டிருந்தன என்றும் மருத்துவர் முடித்த இடத்தில் நோய் முடியவில்லை என்றும் உலகம் அறிந்தது.

1973இல் ஃபுளோரா ரீட்டா ஷ்ரைபர் எழுதிய ‘சிபில்’ பதினாறு தன்னிலைகளைக் காட்டியது. இந்நூலின் உண்மையைப் பின்வந்தோர் ஐயுற்றனர். டெபி நாதன் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வையத்தை வலிமையுடன் நிறுவியது. வரலாறு எவ்வாறாயினும், கதையமைப்பில் ஒன்று தெளிவு. ஈவின் நூலும் சிபிலின் நூலும் மருத்துவரைத் தலைமாந்தராகக் கொண்டவை. பலர் ஒருவராதலே அவற்றின் இன்பமுடிவு. அதுவரை உயிரைத் தாங்கிய அகக்காவலர்க்கு இறுதியில் நன்றி கூறுவார் இல்லை. அவர் நோயின் அறிகுறியாக வந்து, நோய் நீங்கியவிடத்து நீங்குகின்றனர்.

4. காவலரே எழுதிய நூல்

இந்நெறியை உடைத்தது 1987இல் வெளிவந்த ‘வென் ராபிட் ஹௌல்ஸ்’ என்னும் நூல். ‘முயல் ஓலமிடுங்கால்’ என்பது அப்பெயரின் பொருள். நூலாசிரியர் பெயராக ‘துருடி சேஸுக்காகப் படையினர்’ என்றே பொறிக்கப்பட்டது. படையினர் என்பார் தொண்ணூற்றிருவர். துருடி சேஸ் அவர்கள் வாழும் உடலுக்குரியவர். தம்மைக் குறிக்கப் படைக்குரிய சொல்லைத் தேர்ந்தமையே அவர்தம் தொழிலை உணர்த்துகின்றது.

நியூயார்க்கு மாநிலத்துப் பண்ணைவீடொன்றில், இரண்டு வயதிலிருந்து மாற்றாந்தந்தையின் கொடுமைக்கு ஆளான ஒருவரின் வரலாறு இது. உலகின்முன் நடமாடும் தன்னிலையை நூல் ‘அப்பெண்’ என்றே சுட்டும். அவருக்கு நினைவில்லை, நினைவெல்லாம் படையினரிடமே உள்ளது. வாயில்காப்போன் யார் எப்பொழுது வெளிவரலாம் எனக் குறிகாட்டுகின்றான். புறத்திருந்து வரும் தாக்குதலைத் தான் ஏற்றுத் தணிப்பவள் ஒருத்தி. இழந்த காலத்தின் கிழிசல்களைத் தைத்து, அப்பெண் திடுக்கிடாதவாறு நாளை ஓட்டிவைப்பவன் நெசவாளன். சினத்தையெல்லாம் சுமப்பவள் கறுப்புக் கேத்தரின். குழந்தைகளின் அருகு நிற்பவன் ஜோ. முரடன் என்னும் அடைபெற்ற அவனே குழந்தைகளிடத்து மிக மெல்லியன். நோவைச் சுமந்து சொல்லின்றி ஓலமிடுவது முயல்.

இந்நூலின் நடை செம்மையுடையதன்று. உரையாடல் நீள்கின்றது, காலமுறை பிறழ்கின்றது, பேசுவோர் யாரென்று பலவிடத்தும் புலப்படவில்லை. யாமும் முதற்கண் இதனைக் குற்றமாகவே எண்ணினோம். மீண்டும் பயின்றபோது கருத்து மாறிற்று. எதை, யாரிடம், எவ்வளவு சொல்லலாம் என்று ஒவ்வோர் இடத்தும் அளந்தே படையினர் சொல்கின்றனர். அப்பெண்ணிடமிருந்து மறைப்பதை மருத்துவரிடம் சொல்கின்றனர். மருத்துவரிடமிருந்து மறைப்பதைத் தம்முட் பேசிக்கொள்கின்றனர். நம்மிடமிருந்தும் சிலவற்றை மறைக்கின்றனர். ஆகவே நடையின் தடுமாற்றத்திற் பெரும்பகுதி காவலின் வெளிப்பாடே. கதை கேட்க வந்த நாமும் அவ்வாயிலில் நிறுத்தி உசாவப்படும் அயலாரே ஆகின்றோம்.

இறுதியிற் படையினர் ஒன்றாதலை மறுத்து விடுகின்றனர். தம்முட் பேசி இசைந்து பலராகவே வாழத் துணிகின்றனர். மீட்சியென்பது காவலரைக் கலைத்தல் என்னும் பழைய கொள்கைக்கு, காவலரே எழுதிய மறுப்பு இது.

5. வீடும் சிறைத்தீவும்

மாட் ரஃப் 2003இல் எழுதிய ‘செட் திஸ் ஹவுஸ் இன் ஆர்டர்’ முற்றும் புனைகதை. வீட்டை ஒழுங்குபடுத்துதல் என்னும் பொருளது. அவ்வாண்டிற்கான ஜேம்ஸ் டிப்ட்ரீ பரிசினைப் பெற்றது. கொடிய மாற்றாந்தந்தையால் ஆன்டி கேஜ் என்னும் குழந்தையின் உயிர் சிதறியது. சிதறிய உயிர்களுள் ஒருவரான ஆரன், மருத்துவர் ஒருவரின் துணையோடு அகத்தே ஒரு வீட்டைக் கட்டி, அனைவரையும் அதிற் குடியேற்றுகின்றார். உடலை இயக்கி உலகில் வாழ்தற்கென்றே ஏரியிலிருந்து அழைக்கப்பட்டவன் ஆண்ட்ரூ. கதை நிகழுங்கால் அவன் ‘பிறந்து’ இரண்டாண்டே ஆகின்றது.

நூலின் தொடக்கத்துக் காலைக்காட்சி சிறப்பாகக் கருதற்பாலது. உடலைப் பயன்படுத்தும் பொழுது ஒவ்வோர் உயிர்க்கும் பங்கிடப்படுகின்றது. சிறுவனுக்கு அவன் விரும்பும் உணவு ஒரு வாய்; காவலனாகிய செஃபெரிஸுக்கு உடற்பயிற்சி செய்யப் பொழுது. அவன் பேசுவது குறைவு. இடர் வந்தவிடத்து வெளிவந்து உடலைக் காத்துத் திரும்புகின்றான். அஞ்சி ஒளித்த காலத்துத் தோன்றிய காவல், ஒழுங்குடைய வீட்டில் நாள்தோறும் மதிப்புப்பெறும் ஒரு பணியாக மாறியமையை இக்காட்சி எளிமையாக உணர்த்திவிடுகின்றது.

இதற்கு மறுதலையாக நிற்பவள் பென்னி. தாயின் கொடுமையால் உடைந்த அவளுக்குத் தன்னுட் பலர் உளர் என்பதே தெரியாது. காலையில் எழுங்கால் அன்று செய்யவேண்டுவன குறித்த பட்டியல் ஒன்று கிடக்கும். எழுதியவர் யாரென்று அறியாள். அவளுடைய காவலர் மலெடிக்டா, மலெஃபிகா என்னும் இரட்டையர். வசைமொழியே முன்னவளின் படைக்கலம். பின்னவளுக்குக் கைவலியே படைக்கலம். குடியும் புகையும் அவர்தம் விருப்பு. எம் கரும்பலகையில் இவ்விருவரையும் தீயோர் வரிசையில் எழுதியிருந்தோம். எலியைப்போல் ஒடுங்கிய பென்னிக்குச் சொல்ல உரிமை இல்லாதிருந்த ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லைத்தான் இவர் வசையாகச் சொல்கின்றனர் என்பதை யாம் அன்று காணவில்லை.

எனினும் ரஃபின் நூலில் ஒரு குறை உண்டு. கிடியன் என்னும் தன்னிலையை ஆரன் ஏரிநடுவிலுள்ள தீவிற் சிறைவைத்துள்ளார். கிடியன் தன்னலமே உருவானவன். பிறருடைய உரிமையை ஏலான். கதையோட்டத்தில் வீட்டின் ஒழுங்கு குலைய, அவன் தப்பி உடலைக் கைப்பற்றுகின்றான். இங்கே ஹைடு வேறு பெயரில் மீண்டும் வந்துவிடுகின்றான். பிறர்க்கெல்லாம் தோன்றிய காரணம் கூறிய ஆசிரியர், கிடியனின் தன்னலம் எக்காலத்து எவ்வச்சத்திற் பிறந்த காவல் என்பதை ஆழ ஆராயவில்லை. சிறைத்தீவு இருக்கும்வரை வீடு முழுமையும் வீடாகாது.

6. காவல் கொடுமையாதல்

மூன்றாவது நூல் அக்வாயெகே எமெசி 2018இல் வெளியிட்ட ‘ஃபிரெஷ்வாட்டர்’ என்னும் புதினம். எமெசி நைசீரியாவின் உமுவாகியாவிற் பிறந்தவர். தந்தை இக்போ இனத்தவர், தாய் மலேசியத் தமிழர் மரபினர். ஆடா என்னும் பெண்ணுள் உறையும் ‘ஓக்பாஞ்சே’ என்னும் இக்போ மரபுத் தெய்வவுயிர்களே நூலின் பெரும்பகுதியைச் சொல்கின்றன. இதனை நோய் என்றே கொள்ளுதலும், வெறும் உருவகம் என்று கொள்ளுதலும் நூலின் நோக்குக்கு மாறு. உயிர்கள் பிறவியிலேயே உடன்வந்தவை. ஆயினும் அவற்றுள் ஒன்று தனிப்பெயரும் தனிக்குரலும் பெற்று முன்வருவது கொடுமையினால்.

அமெரிக்கக் கல்லூரியிற் பயிலுங்கால் ஆடா ஓர் இளைஞனால் வன்புணர்வுக்கு ஆளாகின்றாள். அப்பொழுது தோன்றுபவள் அசுகரா. இனி அவ்வுடலை ஒருவன் தொடுங்கால் ஆடா அங்கு இராள். தானே இருப்பேன் என அவள் ஏற்கின்றாள். காவலின் தொடக்கம் இதனினும் தூயதாதல் அரிது. ஆனால் அக்காவல் ஓயவில்லை. ஆடா மெய்யாகவே அன்புசெய்து மணந்த கணவனிடத்தும் அசுகராவே முன்வருகின்றாள், மணம் முறிகின்றது. பிறரைத் துன்புறுத்துதலிலும் அவள் இன்பங் காண்கின்றாள். இறுதியில், இவ்வுலகத் துன்பத்தினின்று காப்பதற்கு ஆடாவைச் சாவின் வழியாகத் தம் உலகிற்கு மீட்டுச் செல்லுதலே வழி என்று துணிந்து, அதற்கும் முயல்கின்றாள்.

காவல் எங்ஙனம் கொடுமையாகின்றது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய நூல் பிறிதொன்றை யாம் அறியோம். அசுகரா மனம் மாறிக் கெட்டவளல்லள். தொடக்கத்திற் செய்ததையே இறுதிவரை செய்கின்றாள். இடர் நீங்கியதை அவளுக்கு எவரும் அறிவிக்கவில்லை. அறிவித்தாலும் நம்பத்தக்க சான்று அவளிடம் இல்லை. மாற்றாந்தந்தை இறந்த பின்னும் வாயிலிற் கோலுடன் நிற்கும் காவலன் குற்றவாளி அல்லன். மாற்றுக் கட்டளை பெறாதவன்.

மருத்துவ நெறியும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று படிகளாக வகுத்தார்: பாதுகாப்பு நிலைபெறுதல், நினைந்து அழுதல், உலகோடு மீண்டும் இணைதல். பாதுகாப்பு முதலில் வைக்கப்பட்டமை கருதற்குரியது. புறத்தே பாதுகாப்பு இல்லாதபோது அகக்காவலரைப் படைக்கலம் துறக்கச் சொல்வது அறமாகாது. அதிர்ச்சி ஆய்வுக்கான அனைத்துலகக் கழகமொன்று 2011இல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டியும், எத்தன்னிலையையும் புறக்கணிக்கவோ ஒழிக்கவோ நோயாளியைத் தூண்டலாகாது என்றே அறிவுறுத்துகின்றது. மாணவி கேட்ட வினாவின் விடை இதுவே.

7. யாமும் நாமும்

இந்நூல்களைப் பயிலும் தமிழ் மாணவர் நம் அகப்பாடல்களை ஒப்பிட விழைதல் இயல்பு. நெஞ்சினை உறுப்பும் உணர்வும் உடையதுபோல் வைத்துச் சொல்லாடுதலைத் தொல்காப்பியப் பொருளியல் வகுத்துள்ளது. ஆயின் அங்குப் ‘போல’ என்பது உயிர்நாடி. பேசுவோன் ஒருவனே, நெஞ்சு மறுமொழி கூறினும் அவனறியாத செய்தி அதனிடம் இல்லை. இந்நூல்களிலோ ‘போல’ இல்லை. காவலர் அறிந்ததைக் காக்கப்பட்டவர் அறியார். ஆகவே ஒற்றுமை கூறி மகிழ்வதினும் வேற்றுமை கண்டு தெளிதலே பயனுடையது.

எனினும் தமிழிலக்கணம் இங்கு ஒரு கருவியைத் தருகின்றது. ஆங்கிலத் தன்மைப் பன்மைப்பெயர் ஒன்றே. கேட்போரை உளப்படுத்துதலும் நீக்குதலும் அதில் வேறு தோன்றா. தமிழிலோ நாம் என்பது கேட்போரை உளப்படுத்தும். யாம் என்பது நீக்கும். படையினரின் நூலையும் எமெசியின் நூலையும் தமிழாக்குவோர் பக்கந்தோறும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘ஃபிரெஷ்வாட்டர்’ தொடக்கத்தில் உயிர்கள் ஆடாவைப் படர்க்கையில் வைத்துப் பேசுகின்றன. அவ்விடத்து யாம் என்பதே பொருந்தும். காக்கப்படுபவளுக்கே அதில் இடமில்லை. நூலின் இறுதி இயல் ஆடாவின் கூற்றாக அமைகின்றது; தன்னுள் உறைவோரை அயலாராகக் கருதாது தானாகவே ஏற்று அவள் பேசுகின்றாள். படையினரும் அப்பெண்ணுக்கு நினைவை மெல்ல மெல்லக் கையளிக்கின்றனர். ரஃபின் வீட்டில் அனைவரும் ஒரு கூரைக்கீழ் அமர்கின்றனர். மூன்று நூல்களும் வெவ்வேறு வழியிற் செல்லினும், யாம் என்பது நாம் ஆகும் திசையிலேயே செல்கின்றன. பலர் ஒருவராதலும், பலராகவே இசைந்து வாழ்தலும் அதன்பின் அவரவர் தேர்ந்து கொள்வன.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. அகக்காவலர் நோயின் அறிகுறியாக மட்டும் எண்ணத்தக்கவரல்லர். உயிர் எஞ்சியதற்குக் காரணராவார். அவருட் கொடியோராகத் தோன்றுவோரும் காவற்றொழிலிற் பிறந்தோரே. ஆயினும் அவர் செய்யும் தீங்கு தீங்கேயாதலின், அதனைப் பொறுத்தல் மீட்சியாகாது. மூன்றாவது, மீட்சியென்பது காவலரை வெளியேற்றுதலன்று. இடர் நீங்கியமையை அவர்க்கு உணர்த்தி, அவர்தம் ஆற்றலுக்கு வேறு பணி தருதலாகும்.

கொடுமைக்குள்ளானோர் எழுதிய நூல்களைப் பயிலுங்கால், சொல்லாது விட்டதைக் குறையென்று முந்திக் கூறாதிருத்தல் திறனாய்வாளர் கடன். அவ்விடத்து ஒருவர் காவல் நிற்றல் கூடும். இவ்வாண்டு அப்பாடத்தை மீண்டும் நடத்தினோம். கரும்பலகையில் இம்முறை பெயர்களை மட்டுமே எழுதி, ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே அவர் காத்தது யாரை, எதனின்று என்று மாணவரையே எழுதச் செய்தோம். நடுவிற் கோடு வரையவில்லை.